எம்சிஸ்2-வில் ஷெல்லுக்கொரு இடம்: வெளி மென்பொருள்களைப் பிரித்து வைத்த அனுபவம்

ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கங்களை எழுத்தாக்கி, பிறகு சொற்பிழை பார்க்கும் ஒரு சிறிய கருவித்தொகுப்பை நாங்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கிறோம். அதைக் கட்டுவதற்கென்று (மூலநிரலை ஓடும் நிரலாக்குவதற்கென்று) ஒரு விண்டோஸ் 11 கணினி இருக்கிறது. அதில் எம்சிஸ்2. பல பேர் கை மாறி வந்த கணினி என்பதால் அவரவர் தேவைக்கு நிறுவிய மென்பொருள்கள் அதில் அடுக்கடுக்காகக் கிடந்தன. எது எந்த ஷெல்லுக்கு (கட்டளை அடிக்கும் சாளரத்துக்கு) உரியது என்று யாருக்கும் தெரியாது. அதைப் பிரித்து ஒழுங்கு செய்த வேலையின் பதிவு இது.

எம்சிஸ்2 பழகாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் பின்னணி. இது விண்டோஸுக்கான ஒரு மென்பொருள் விநியோகம். ஆர்ச் லினக்ஸின் தொகுப்பு நிறுவியான பேக்மேனைத்தான் இதுவும் பயன்படுத்துகிறது. ஒருமுறை நிறுவினால் ஸ்டார்ட் மெனுவில் எம்சிஸ், யூசிஆர்டி64, கிளாங்64, மின்ஜிடபிள்யூ64 என்று பல ஷெல்கள் வரும். எல்லாவற்றிலும் ஓடுவது பாஷ் என்ற ஒரே கட்டளை நிரல்தான். பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். ப்ராம்ப்ட்டில் ஊதா நிறத்தில் தெரியும் பெயர் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். அந்தப் பெயர் வருவது 'எம்சிஸ்டம்' என்ற சூழல் மாறியிலிருந்து. அதைப் பார்த்துத்தான் /இடிசி/ப்ரொஃபைல் கோப்பு பாத்தை (நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் வரிசையை) அமைக்கிறது.

உண்மையான வித்தியாசம் அடியில் இருக்கும் சி நூலகத்தில், அதாவது கோப்பு, நினைவகம் போன்ற அடிப்படை வேலைகளை நிரல்களுக்குச் செய்து தரும் பகுதியில் இருக்கிறது. எம்சிஸ் ஷெல்லின் நிரல்கள் சிக்வின் என்ற யூனிக்ஸ் போன்ற சூழலிலிருந்து கிளைத்த எம்சிஸ்-2.0 டிஎல்எல்லின் (பல நிரல்கள் பகிரும் நூலகக் கோப்பின்) மேல் ஓடுகின்றன. மின்ஜிடபிள்யூ64-க்கு விண்டோஸில் நெடுநாளாக இருக்கும் எம்எஸ்விசிஆர்டி. யூசிஆர்டி64-க்கும் கிளாங்64-க்கும் விஷுவல் ஸ்டூடியோ 2015-உடன் அறிமுகமாகி விண்டோஸ் 10-இன் பகுதியாகிவிட்ட யூசிஆர்டி. கடைசி இரண்டுக்கும் சி நூலகம் ஒன்றே என்றாலும் சி++ நூலகம் வேறு: முன்னது ஜிசிசி கம்பைலரின் லிப்எஸ்டிடிசி++, பின்னது எல்எல்விஎம் கம்பைலர் தொகுப்பின் லிப்சி++.

எங்களுக்கு யூசிஆர்டி ஏன் முக்கியம் என்றால், தமிழ்க் கோப்புப் பெயர்கள். விண்டோஸில் தமிழுக்கு என்று பழைய ஆன்சி குறிப்பக்கம் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) எதுவும் கிடையாது; தமிழ் அங்கே முழுக்க முழுக்க யூனிகோடு மொழி. எம்எஸ்விசிஆர்டி-யின் மேல் கட்டிய நிரல் ஒன்று சாதாரண எஃப்ஓப்பன் அழைப்பால் 'அகராதி' என்ற பெயருள்ள கோப்பைத் திறக்கப் போனால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். கோப்பு இல்லை என்று பதில் வரும். யூசிஆர்டி-யோ விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 குறிப்பக்கத்தை ஏற்கிறது. நிரலோடு சேரும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் குறிப்பில் யூடிஎஃப்-8 என்று குறித்து யூசிஆர்டி64-இல் கட்டினால் தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. மேனிஃபெஸ்ட் வழி 1903 பதிப்பிலிருந்து உண்டு. எம்சிஸ்2 திட்டமே 2022 அக்டோபரில் இயல்பு ஷெல்லை மின்ஜிடபிள்யூ64-இலிருந்து யூசிஆர்டி64-க்கு மாற்றிவிட்டது.

ஆனாலும் மற்ற ஷெல்களை மூடிவிட முடியவில்லை. ஸ்கேனருடன் வந்த பழைய டிஎல்எல் ஒன்று எம்எஸ்விசிஆர்டி-யோடு இணைக்கப்பட்டது. பதிவுக் கோப்பு எழுத அது நம்மிடமிருந்து கோப்புச் சுட்டியை (திறந்த கோப்பைக் குறிக்கும் நினைவக முகவரியை) வாங்குகிறது. ஒரு சி நூலகம் திறந்த கோப்புச் சுட்டியை இன்னொரு சி நூலகத்திடம் கொடுத்தால் நிரல் விழும். அதனால் அந்த ஸ்கேனரை அழைக்கும் நிரல் மட்டும் மின்ஜிடபிள்யூ64-இல் இருந்தே ஆக வேண்டும். நினைவகப் பிழைகளைத் தேட அட்ரஸ் சானிடைசர் வேண்டும். மின்ஜிடபிள்யூ ஜிசிசி-யில் அது கிடையாது, கிளாங்64-இல் உண்டு. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க், முனையத்தைப் பிரிக்கும் டிமக்ஸ் போன்றவை எம்சிஸ் ஷெல்லுக்கு உரியவை. ஆக நான்கும் வேண்டும்.

சிக்கல் எங்கே இருந்தது

பேக்மேன் வழியாக வரும் தொகுப்புகளில் சிக்கலே இல்லை. ஒவ்வொரு சூழலுக்கும் (ஷெல் வகைக்கும்) தனி வேர்க் கோப்புறை: /யூசிஆர்டி64, /கிளாங்64, /மின்ஜிடபிள்யூ64, எம்சிஸுக்கு /யூஎஸ்ஆர். தொகுப்பின் பெயரிலேயே சூழலின் பெயர் சேர்ந்திருப்பதால் ஒரே நூலகத்தை நான்கிலும் நிறுவினாலும் ஒன்றோடொன்று இடிக்காது. இந்த வடிவமைப்பின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

பேக்மேனுக்குத் தெரியாமல் வந்தவைதான் குழப்பம். இரண்டு இடங்கள் எல்லா ஷெல்களுக்கும் பொது: வீட்டுக் கோப்புறையும் /யூஎஸ்ஆர்/லோக்கலும். எம்சிஸ் தவிர எந்த ஷெல்லைத் திறந்தாலும் பாத்தில் முதலில் அந்தச் சூழலின் பின் கோப்புறை வரும், அடுத்து /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின், பிறகு /யூஎஸ்ஆர்/பின். லினக்ஸில் பழகியவர்கள் மூலநிரலிலிருந்து கட்டும் எதையும் /யூஎஸ்ஆர்/லோக்கலுக்கு அனுப்புவார்கள். அங்கே அதுதான் முறை. இங்கே அந்தக் கோப்புறை பல குடித்தனங்களுக்கு நடுவே இருக்கும் பொது முற்றம். யார் எதை வைத்தாலும் எல்லார் காலிலும் தட்டும்.

எங்கள் பேட்ச் (மூலநிரலில் நாங்கள் செய்த திருத்தம்) சேர்ந்த, சொற்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல் ஒன்று அங்கே இருந்தது. மின்ஜிடபிள்யூ64-இல் கட்டியது. அந்த ஷெல்லில் ஓடும். கிளாங்64-இல் கூப்பிட்டால் பகிர்வு நூலகத்தை ஏற்ற முடியவில்லை என்று பாஷ் சொல்லும், ஏனென்றால் லிப்எஸ்டிடிசி++-6 டிஎல்எல் கிளாங்64-இல் கிடையாது. யூசிஆர்டி64-இல் கூப்பிட்டால் நடப்பதுதான் மோசம். அதே பெயரில் டிஎல்எல் அங்கேயும் இருப்பதால் நிரல் ஏறிவிடும். ஆனால் பாதி உடல் ஒரு சி நூலகத்திலும் மீதி இன்னொன்றிலும் இருக்கும். தமிழ்ப் பெயருள்ள கோப்பைக் கொடுத்தால் திறக்காது. யூசிஆர்டி ஷெல்லில்தானே இருக்கிறோம், ஏன் திறக்கவில்லை என்று பார்ப்பவர் திகைப்பார். எந்த ஷெல்லில் இருக்கிறோம் என்பது நிரலின் சி நூலகத்தை மாற்றாது. அது கட்டும்போதே முடிவாகிவிட்ட விஷயம்.

இதற்குக் காரணம் விண்டோஸ் டிஎல்எல் தேடும் வரிசை. லினக்ஸில் நிரலுக்குள்ளேயே நூலகத்தின் இடத்தை எழுதி வைக்கும் ஆர்பாத் வசதி உண்டு. விண்டோஸில் அப்படி எதுவும் இல்லை. முதலில் நிரல் இருக்கும் கோப்புறை, பிறகு கணினியின் சிஸ்டம் கோப்புறைகள், நடப்புக் கோப்புறை, கடைசியில் பாத். பாத் மாறினால் ஏறும் டிஎல்எல்லும் மாறும். லிப்எஸ்டிடிசி++-6, லிப்வின்பித்ரெட்-1, இசட்லிப்1 எல்லாம் மின்ஜிடபிள்யூ64-இலும் யூசிஆர்டி64-இலும் ஒரே பெயரில் இருக்கின்றன.

எது எங்கே, யாருடையது

முதல் வேலை, பேக்மேனுக்குத் தெரியாத கோப்புகளைக் கண்டுபிடிப்பது. ஒவ்வொரு கோப்பாக 'இது எந்தத் தொகுப்பு' என்று பேக்மேனைக் கேட்கலாம்தான். ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு அது ஆமை வேகம். அதைவிட, நிறுவிய எல்லாத் தொகுப்புகளின் கோப்புப் பட்டியலையும் பேக்மேனிடமிருந்து ஒரே வீச்சில் வாங்கி வரிசைப்படுத்தினேன். கணினியில் உள்ள கோப்புகளைத் தேடி ஃபைண்ட் கட்டளை கொடுத்த பட்டியலையும் அப்படியே வரிசைப்படுத்தினேன். இரண்டையும் காம் கட்டளையால் ஒப்பிட்டு, இரண்டாவதில் மட்டும் இருப்பவற்றை எடுத்தேன். சில நொடிகளில் வந்துவிட்டது.

அந்தப் பட்டியலில் நிறைய இரைச்சல் இருக்கும். பைத்தானின் பிஒய்சி கோப்புகள், ஜிலிப்பின் தொகுத்த ஸ்கீமா கோப்பு, ஐகான் கேஷ், இன்ஃபோ பட்டியல் எல்லாம் நிறுவிய பிறகு தானாக உருவாகுபவை. எந்தத் தொகுப்பின் பட்டியலிலும் அவை இருக்காது. இவற்றை வடிகட்டிய பிறகுதான் உண்மையான அந்நியர்கள் தெரிந்தார்கள். /யூஎஸ்ஆர்/லோக்கலில் இருந்தவை எதிர்பார்த்ததுதான். /யூசிஆர்டி64-க்குள்ளேயே சில இருந்தன என்பதுதான் கவலை தந்தது. லெப்டோனிக்கா என்ற பட நூலகத்தின் பழைய தலைப்புக் கோப்புகள், அதன் நூலகக் கோப்பு, நூலகம் எங்கே இருக்கிறது என்று கட்டும் கருவிகளுக்குச் சொல்லும் ஒரு பிகேஜி-கன்ஃபிக் கோப்பு.

இவை அங்கே போவதற்கு ஒரு காரணம் உண்டு. எம்சிஸ்2-வில் கட்டுவதற்கு முன் ஓட்டும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட்டுக்கு ப்ரிஃபிக்ஸ் (நிறுவ வேண்டிய கோப்புறை) சொல்லாமல் விட்டால், அந்தந்தச் சூழலின் வேர்க் கோப்புறையையே அது ப்ரிஃபிக்ஸாக எடுத்துக்கொள்ளும். அதற்கென்றே /இடிசி-யில் ஒரு தள அமைப்புக் கோப்பு இருக்கிறது. தொகுப்பு தயாரிப்பவர்களுக்கு அது வசதி. கையால் மேக் இன்ஸ்டால் அடிப்பவருக்கு, பேக்மேனின் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைவதாகிவிடும். பின்னால் ஒரு நாள் எழுத்துணரியான டெஸரக்டை பேக்மேன் வழியாக நிறுவப் போனால், கூடவே லெப்டோனிக்காவும் வரும், 'கோப்பு ஏற்கெனவே இருக்கிறது' என்று பேக்மேன் நின்றுவிடும். அப்போது பலரும் மேலெழுது என்ற விருப்பத்தை எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியோடு கொடுப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேக்மேனிடம் இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த நிறுத்தம்தான். பழைய கட்டுமானக் கோப்புறை இன்னும் இருந்தால் மேக் அன்இன்ஸ்டால் வேலை செய்யலாம். சிமேக் என்ற கட்டுமானக் கருவியில் கட்டியது என்றால் அங்கே இன்ஸ்டால் மேனிஃபெஸ்ட் என்று ஒரு உரைக்கோப்பு இருக்கும். நிறுவிய ஒவ்வொரு கோப்பும் அதில் வரிவரியாக எழுதியிருக்கும். எங்கள் லெப்டோனிக்காவை அதை வைத்துத்தான் சுத்தமாக எடுத்தேன்.

அடுத்த கேள்வி, /யூஎஸ்ஆர்/லோக்கலில் கிடக்கும் ஒவ்வொரு நிரலும் எந்தச் சூழலில் கட்டப்பட்டது? யாரையும் கேட்க வேண்டியதில்லை, நிரலே சொல்லும். நிரல் கோப்பின் உள்விவரம் காட்டும் ஆப்ஜ்டம்ப்பை சிறிய எழுத்து பி விருப்பத்தோடு ஓட்டி, டிஎல்எல் பெயர் என்று வரும் வரிகளைப் பாருங்கள். எம்சிஸ்-2.0 இருந்தால் அது எம்சிஸ் நிரல். எம்எஸ்விசிஆர்டி இருந்தால் மின்ஜிடபிள்யூ64. 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி' என்று தொடங்கும் பல பெயர்கள் வரிசையாக வந்தால் யூசிஆர்டி வகை. அதோடு லிப்எஸ்டிடிசி++ இருந்தால் யூசிஆர்டி64, லிப்சி++ இருந்தால் கிளாங்64. சி++ கலக்காத சி நிரல் என்றால் கடைசி இரண்டையும் இப்படிப் பிரித்தறிய முடியாது, பெரும்பாலும் பிரிக்கத் தேவையும் இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம். ஓடிக்கொண்டிருக்கும் யூசிஆர்டி நிரல் ஒன்றில் ஏறியிருக்கும் டிஎல்எல்களின் பட்டியலை எடுத்தால் அங்கே எம்எஸ்விசிஆர்டி-யும் தெரியலாம். விண்டோஸின் சொந்த டிஎல்எல்களே அதைப் பயன்படுத்துகின்றன. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டு சி நூலகங்கள் ஒரே நிரலில் இருப்பது குற்றமில்லை. ஒன்றில் ஒதுக்கிய நினைவகத்தை இன்னொன்றில் விடுவிப்பதும், ஒன்றின் கோப்புச் சுட்டியை இன்னொன்றிடம் கொடுப்பதும்தான் விபத்து. ஆகவே பார்க்க வேண்டியது நிரலும் அதன் நேரடி நூலகங்களும் மட்டும்.

இந்தச் சோதனையை ஒரு சிறு ஸ்கிரிப்ட்டாக்கி /யூஎஸ்ஆர்/லோக்கல் முழுவதும் ஓட்டினேன். மூன்று சூழல்களின் நிரல்களும் ஒரே பின் கோப்புறையில் கலந்து கிடந்தது அப்போதுதான் கண்கூடாகத் தெரிந்தது.

ஸ்டோவ் ஏன் ஒத்துவரவில்லை

லினக்ஸ்காரர்கள் உடனே சொல்லும் தீர்வு ஜிஎன்யூ ஸ்டோவ். ஒவ்வொரு மென்பொருளையும் தனிக் கோப்புறையில் வைத்து, பொது இடத்தில் குறியீட்டு இணைப்புகளை மட்டும் போடும் கருவி. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த முறை. இங்கே இரண்டு காரணங்களால் அதை விட்டேன்.

எம்சிஸ்2-வில் குறியீட்டு இணைப்பு போடச் சொன்னால், இயல்பாக அது இணைப்பு போடாது, கோப்பை நகலெடுத்துவிடும். ஸ்டோவ் தான் போட்ட இணைப்பை இணைப்பாகத்தான் தேடும். அங்கே நகல் இருந்தால், அது தன்னுடையது இல்லை என்று விலகிக்கொள்ளும். விண்டோஸின் சொந்த இணைப்புகளைப் போடச் சொல்லி 'எம்சிஸ்' மாறியில் ஒரு அமைப்பு உண்டு. அதற்கு டெவலப்பர் மோடோ நிர்வாகி உரிமையோ வேண்டும். சரி, அதையும் செய்துவிடலாம்.

இரண்டாவது காரணம் தீர்க்க முடியாதது. இணைப்பு வழியாக ஒரு நிரலைத் தொடங்கினால், விண்டோஸ் அந்த இணைப்பு இருக்கும் கோப்புறையைத்தான் 'நிரலின் கோப்புறை' என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையான நிரலின் பக்கத்தில் இருக்கும் டிஎல்எல்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது. டிஎல்எல்களுக்கும் பக்கத்திலேயே இணைப்பு போட்டால் ஏறும். ஆனால் இரண்டு மென்பொருள்கள் ஒரே பெயரில் வெவ்வேறு டிஎல்எல்களைக் கொண்டு வந்தால் மறுபடி பழைய கதைதான்.

நான் வைத்த அடுக்கு

/ஆப்ட் கோப்புறைக்குள் 'வெளி' என்ற பொருளில் ஒரு கோப்புறை. அதற்குள் சூழலுக்கு ஒன்றாக யூசிஆர்டி64, கிளாங்64, மின்ஜிடபிள்யூ64, எம்சிஸ். ஒவ்வொன்றுக்குள்ளும் மென்பொருளின் பெயரும் பதிப்பும் சேர்ந்த தனிக் கோப்புறை, அதுவே அதன் ப்ரிஃபிக்ஸ். எந்த மென்பொருளையும் நீக்க வேண்டுமானால் அந்தக் கோப்புறையை அழித்தால் போதும், வேறெங்கும் ஒரு துரும்பும் இருக்காது.

சூழலின் கோப்புறைக்குள் ஒரு பின் கோப்புறை. அதில் நிரல்கள் இல்லை. இரண்டு வரி ஷெல் ஸ்கிரிப்ட்டுகள் மட்டும். ஒவ்வொன்றும் உண்மையான நிரலை அதன் முழு முகவரியால் எக்ஸெக் செய்து, வந்த விருப்பங்களை அப்படியே கடத்திவிடும். நிரல் தன் சொந்தக் கோப்புறையிலிருந்தே தொடங்குவதால் தன் டிஎல்எல்களை முதலில் பார்க்கும். மீதியைப் பாத்தில் இருக்கும் சூழலிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஸ்டோவ் தரும் வசதி இதில் கிடைத்துவிட்டது. குறை ஒன்று உண்டு: இந்த ஸ்கிரிப்ட்டுகளை விண்டோஸ் சிஎம்டி-யோ ஐடிஇ-யோ ஓட்டாது. அங்கே நிரலின் முழு முகவரியைக் கொடுத்துவிடுகிறோம்.

பாத்தில் சேர்க்கும் வேலை /இடிசி/ப்ரொஃபைல்.டி கோப்புறையில் நான் போட்ட சின்னக் கோப்பிடம். எம்சிஸ்டம் மாறியின் மதிப்பைச் சிறிய எழுத்தாக்கி, அந்தப் பெயரில் /ஆப்ட்டுக்குள் கோப்புறை இருந்தால் அதன் பின்னை பாத்தின் முன்னால் சேர்க்கும். பிகேஜி-கன்ஃபிக் பாதைக்கும் அப்படியே, அந்தச் சூழலின் கோப்புறைகள் மட்டும். அவரவர் தனிப்பட்ட பாஷ்ஆர்சி அமைப்புக் கோப்பில் போடாமல் இங்கே போட்டதற்குக் காரணம், கணினியைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் ஒரே விதி பொருந்த வேண்டும் என்பதுதான். பேக்மேனுக்குச் சொந்தமில்லாத கோப்பு என்பதால் புதுப்பிப்பில் அது அழியாது.

பிகேஜி-கன்ஃபிக் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாத் தவறினால் நிரல் ஓடாது, உடனே தெரிந்துவிடும். பிகேஜி-கன்ஃபிக் தவறினால் வேறு சூழலின் நூலகத்தோடு இணைப்பு வேலை சத்தமில்லாமல் முடிந்துவிடும், ஏனென்றால் இரண்டு பக்கமும் இறக்குமதி நூலகத்தின் வடிவம் ஒன்றுதான். விழுவது பிறகு எப்போதோ, வேறெங்கோ. இந்தக் கணினியின் பொதுவான பாஷ்ஆர்சி-யில் கம்பைலர் தேடும் இடங்களைச் சொல்லும் சி-பாத், லைப்ரரி-பாத் மாறிகளை /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குத் திருப்பும் வரிகள் இருந்தன. முதலில் நீக்கியது அவற்றைத்தான்.

மூலநிரலிலிருந்து கட்டும்போது ப்ரிஃபிக்ஸை எப்போதும் வெளிப்படையாகக் கொடுக்கிறோம். கன்ஃபிகர், சிமேக், மீசன் எதுவாக இருந்தாலும். சிமேக்கின் விண்டோஸ் இயல்பு புரோகிராம் ஃபைல்ஸ் என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, யூசிஆர்டி64-இன் சிமேக் ஒரு சுத்த விண்டோஸ் நிரல். சாய்கோட்டில் தொடங்கும் முகவரியை அதற்குக் கொடுத்தால், எம்சிஸ்2 நடுவில் புகுந்து அதை சி டிரைவில் தொடங்கும் விண்டோஸ் முகவரியாக மாற்றிக் கொடுக்கும். பெரும்பாலும் அதுதான் நமக்கு வேண்டும். முகவரி அல்லாத, ஆனால் சாய்கோட்டில் தொடங்கும் விருப்பங்களையும் அது சில நேரம் மாற்றிவிடும். அப்போது அந்த மாற்றத்தை விலக்கும் சூழல் மாறியைப் பயன்படுத்த வேண்டும்.

ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ஒரு உரைக்கோப்பு வைக்கிறோம். எந்த மூலத்திலிருந்து எடுத்தது, அதன் செக்சம், கொடுத்த விருப்பங்கள், போட்ட பேட்ச், எதற்காக. அந்த 'எதற்காக' என்ற வரி இல்லாமல் யாரும் எதையும் நிறுவக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம்.

தொகுப்பாக்குவது

நான்கைந்து பேர் தினமும் பயன்படுத்தும் மென்பொருளுக்கு இந்த அடுக்கைவிட நல்ல வழி, அதை ஒரு பேக்மேன் தொகுப்பாகவே ஆக்குவது. எங்கள் ஹன்ஸ்பெல்லை அப்படித்தான் செய்தேன். பிகேஜிபில்ட் என்ற செய்முறைக் கோப்பை எழுதி மேக்பிகேஜி-மின்ஜிடபிள்யூ-விடம் கொடுத்தால், மின்ஜிடபிள்யூ-ஆர்ச் என்ற மாறியைப் பார்த்து எந்தெந்தச் சூழலுக்கு வேண்டுமோ அதற்கெல்லாம் ஒரே செய்முறையிலிருந்து தனித்தனித் தொகுப்பு கட்டித் தரும். அதைப் பேக்மேனிடம் கோப்பாகக் கொடுத்து நிறுவினால் பட்டியலில் சேர்ந்துவிடும், நீக்கவும் ஒரே கட்டளை. களஞ்சியத்தில் இல்லாத தொகுப்புகளை மட்டும் காட்டச் சொன்னால் நம்முடையவை தனியாக வரும்.

பெயரில் மட்டும் கவனம் தேவை. களஞ்சியத்தில் இருக்கும் அதே பெயரைக் கொடுத்தால், அங்கே புதிய பதிப்பு வந்ததும் முழுப் புதுப்பிப்பில் நம் பேட்ச் போய்விடும். அதனால் பெயரோடு ஒரு பின்னொட்டு சேர்த்து, மூலப் பெயரை 'தருகிறது', 'முரண்படுகிறது' என்ற இரண்டு வரிகளிலும் குறித்தேன். இப்போது இரண்டும் ஒன்றாக நிறுவப்படாது. ஹன்ஸ்பெல் வேண்டும் என்று கேட்கும் மற்ற தொகுப்புகளும் இதை ஏற்றுக்கொள்கின்றன.

எல்லாவற்றையும் தொகுப்பாக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டிய மென்பொருளுக்கு பிகேஜிபில்ட் எழுதுவது நேர விரயம். /ஆப்ட் அதற்குத்தான்.

எந்தச் சூழலுக்கும் சொந்தமில்லாதவை

சூழல் பிரிவு தேவைப்படாதவையும் உண்டு. தரவுக் கோப்புகள் முதலில். டெஸரக்டின் தமிழ்ப் பயிற்சிக் கோப்பும் ஹன்ஸ்பெல்லின் தமிழ் அகராதிக் கோப்புகளும் எந்த சி நூலகத்தையும் அறியாதவை. அவற்றை ஒரே பொதுக் கோப்புறையில் வைத்து, டெஸ்டேட்டா-ப்ரிஃபிக்ஸ், டிக்பாத் என்ற மாறிகளால் எல்லா ஷெல்களுக்கும் காட்டினேன். தமிழுக்கு டெஸரக்டில் மொழிக் கோப்பு ஒன்று, வரிவடிவக் கோப்பு ஒன்று என்று இரண்டு கிடைக்கின்றன. துல்லியம் வேண்டும் என்பதால் 'பெஸ்ட்' வகையை எடுத்தோம். நான்கு நகல்கள் நான்கு பதிப்புகளாகப் பிரிந்து, ஒரே பக்கத்துக்கு ஷெல்லுக்கு ஷெல் வேறு வேறு முடிவு வருவது இதோடு நின்றது.

அடுத்தது, தன்னந்தனியாக நிற்கும் நிரல்கள். ரஸ்ட்டில் எழுதிய ரிப்க்ரெப் போன்றவை, கோ மொழியில் எழுதிய பல கருவிகள். ஆப்ஜ்டம்ப் காட்டும் பட்டியலில் விண்டோஸின் சொந்த டிஎல்எல்கள் மட்டும் இருந்தால், அந்த நிரல் எந்த ஷெல்லிலிருந்து கூப்பிட்டாலும் ஒரே மாதிரி நடக்கும். பிற நிரல்கள் இணைத்துக்கொள்ள அது எந்த நூலகத்தையும் தருவதில்லை. அவற்றைப் பொதுவான பின் கோப்புறைக்கு அனுப்பினேன். ரஸ்ட்டின் நிறுவியான கார்கோவுக்கு ரூட் விருப்பத்தால் அந்த இடத்தைக் காட்டலாம். ஷெல் ஸ்கிரிப்ட்டுகளும் அங்கேயே. வேறெதையும் அங்கே விடுவதில்லை.

பைத்தான் தனிக் கதை. எம்சிஸ்2-வின் பைத்தானில் தொகுப்புகளை நிறுவும் பிப்பை நேரடியாக ஓட்டினால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி மறுத்துவிடும். அதை மீறும் விருப்பமும் உண்டு. நான் அதைத் தொடுவதில்லை. சூழலுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் வேலைக்கு ஒரு விஎன்வி (தனித்த பைத்தான் கோப்புறை). நம்பை போன்ற கனமானவற்றைப் பேக்மேனிலிருந்து நிறுவி, விஎன்வி உருவாக்கும்போது அமைப்பின் தொகுப்புகளையும் பார்க்கச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பைத்தானின் பொதுக் களஞ்சியமான பைபிஐ-யில் விண்டோஸுக்கு என்று கிடைக்கும் வீல்கள் (முன்பே கட்டிய தொகுப்புகள்) விஷுவல் சி++-இல் கட்டிய பைத்தானுக்கானவை. எம்சிஸ்2-வின் யூசிஆர்டி64 பைத்தான் அவற்றை ஏற்காது, மூலநிரலிலிருந்து கட்டத் தொடங்கிவிடும். விஎன்வி-க்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்ற கோப்புறைக்குப் பதில் பின் என்று இருப்பதையும் கவனியுங்கள், விண்டோஸ் வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

வெளியிலிருந்து நுழையும் பாத்

எம்சிஸ்2 இயல்பாக விண்டோஸின் பாத்தை முழுதாக உள்ளே விடாது. சிஸ்டம் கோப்புறைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும். எம்சிஸ்2-பாத்-டைப் மாறியை 'இன்ஹெரிட்' என்று வைத்தால் எல்லாம் உள்ளே வரும். இந்தக் கணினியில் அப்படித்தான் வைக்கப்பட்டிருந்தது, விண்டோஸின் நோட்ஜேஎஸ் வேண்டும் என்பதற்காக. கூடவே கிட் ஃபார் விண்டோஸும் வந்தது. அதுவும் எம்சிஸ்2-வின் மேல் கட்டியதுதான். அதற்குள் அதற்கென்று ஒரு மின்ஜிடபிள்யூ64 கோப்புறை, ஒரு எம்சிஸ்-2.0 டிஎல்எல், ஒரு பாஷ். பாத்தில் அது கடைசியில் இருந்தாலும், நம் சூழலில் இல்லாத ஒரு டிஎல்எல்லை நிரல் தேடும்போது அங்கே போய் எடுத்துவிடும். மாறியை இயல்பு நிலைக்குத் திருப்பி, நோட்ஜேஎஸுக்கு மட்டும் பொது பின் கோப்புறையில் ஒரு ஸ்கிரிப்ட் போட்டேன். இது எல்லாருக்கும் பிடிக்காமல் போகலாம். என் கணிப்பில், பல சூழல்களைப் பிரித்து வைக்க நினைப்பவர் இன்ஹெரிட்டை வைத்துக்கொள்ளவே கூடாது.

விஎஸ் கோட் முனையத்துக்கும் ஒரு வார்த்தை. அங்கே பாஷை வெறுமனே கூப்பிட்டால் /இடிசி/ப்ரொஃபைல் ஓடாது, பாத் அரைகுறையாக இருக்கும். லாகின் விருப்பத்தோடு தொடங்கி, எம்சிஸ்டம் மாறியை வேண்டிய சூழலுக்கு வைத்து, நடப்புக் கோப்புறையிலேயே நிற்கச் சொல்லும் சீயர்-இன்வோக்கிங் மாறியை 1 என்று வைக்க வேண்டும். சூழலுக்கு ஒரு முனைய ப்ரொஃபைலாக எழுதி வைத்தாயிற்று.

பழையதை ஓரம் கட்டியதும் புதுப்பிப்பும்

/யூஎஸ்ஆர்/லோக்கலை உடனே அழிக்கவில்லை. பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு வழக்கமான வேலைகளை ஓட்டவிட்டோம். எது உடைகிறதோ அதை மட்டும் பார்த்து, உரிய சூழலில் மறுபடி கட்டி, உரிய இடத்தில் வைத்தோம். பழைய நிரல் கோப்பையே புதிய இடத்துக்கு நகர்த்தவில்லை. எப்படிக் கட்டியது என்று தெரியாத ஒன்றைக் காப்பாற்றி வைப்பதில் பயனில்லை. கேட்பாரற்றுப் போனவைதான் அதிகம். யாரும் தேடாத அந்த மீதத்தைப் பிறகு நீக்கினோம்.

பேக்மேனின் முழுப் புதுப்பிப்புக்குப் பிறகு ஒரு சோதனை கட்டாயம். ஐசியூ என்ற யூனிகோடு நூலகத்தின் டிஎல்எல் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. பெரிய பதிப்பு மாறும்போது பழைய பெயர் மறைந்துவிடும். பேக்மேன் தன் தொகுப்புகளையெல்லாம் சேர்த்து மாற்றிவிடும். /ஆப்ட்டில் நாம் கையால் கட்டியவை அதற்குத் தெரியாது, அவை காலையில் ஓடி மாலையில் நிற்கும். அதற்காக ஒரு ஸ்கிரிப்ட்: /ஆப்ட்டுக்குள் அந்தச் சூழலின் ஒவ்வொரு நிரலையும் டிஎல்எல்லையும் எடுத்து, என்டிஎல்டிடி-யால் அதன் தேவைகளைப் பார்த்து, 'கிடைக்கவில்லை' என்று வருபவற்றைப் பெயரோடு அச்சிடும். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கும்: கிடைத்த டிஎல்எல்களின் முகவரிகள் எல்லாம் அந்த மென்பொருளின் சொந்தக் கோப்புறை, சூழலின் வேர், விண்டோஸ் என்ற மூன்றுக்குள் அடங்குகின்றனவா? அடங்காத ஒன்று தெரிந்தால் எங்கிருந்தோ வேற்றுச் சூழல் நுழைகிறது என்று பொருள். எல்லாம் கிடைத்திருந்தும் தவறான இடத்திலிருந்து கிடைப்பதை இந்த இரண்டாவது கேள்விதான் பிடிக்கும். அதனால் அதை முதலில் அச்சிடும்படி மாற்றிவைத்தேன்.

ஸ்கேனரின் டிஎல்எல் இருக்கும்வரை மின்ஜிடபிள்யூ64-இல் அதை அழைக்கும் நிரலும், அதற்கு வேண்டிய தொகுப்புகளும் இருக்கும். மற்றவற்றை அங்கிருந்து நீக்கிவிட்டோம். அந்த நிரல் படங்களை ஒரு கோப்புறையில் போடுவதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. யூசிஆர்டி64-இல் கட்டிய அடுத்த நிரல் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே கடப்பது படக்கோப்பு மட்டும், சுட்டிகள் எதுவும் இல்லை. ஸ்கேனர் நிரல் தரும் கோப்புப் பெயர்களில் எண்கள் மட்டுமே இருக்கும்; தமிழ்ப் பெயர் சூட்டுவது யூசிஆர்டி64 பக்கம் வந்த பிறகு.